கல்லூரி மல்யுத்தக் கோச் வரலாற்று ஆசிரியராக முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியும். உங்கள் அக்கா மகனுக்கு வயது 27. பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு) கல்லூரியில் நான்கு வருடமாக மல்யுத்த உதவிக் கோச். கையில் வரலாற்றில் பி.ஏ. இருக்கிறது. இப்போது வரலாறு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறார். வீட்டில், "இருக்கிற வேலையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்தா?" என்று கவலை. நீங்கள் கேட்டது "முடியுமா" என்றுதான். ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி, அந்த நான்கு வருடம் எங்காவது கணக்கில் வருமா, இல்லை காற்றில் போனதா என்பது.

முடியும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்த நான்கு வருடத்துக்கு மதிப்பு உண்டு. ஆசிரியர் உரிமம் கொடுக்கும் இடத்தில் துளியும் மதிப்பு கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கோச்சுகள் ஒரு வருடத்தையோ இரண்டு வருடத்தையோ தொலைக்கிறார்கள்.

முதலில் எந்த மட்டத்தில் கற்பிக்கப் போகிறார் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இருந்துகொண்டே அங்கேயே வரலாறும் எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான்காண்டுக் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டம் வேண்டும். வரலாற்றில் அது ஆறு முதல் எட்டு வருடம் பிடிக்கும். முடித்துவிட்டு வருபவர்களின் எண்ணிக்கைக்கு வேலைகள் இல்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அந்தச் சந்தை மீளவே இல்லை. சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுக் கல்லூரிகள்) முதுகலைப் பட்டமும், வரலாற்றிலேயே குறைந்தது 18 முதுகலை கிரெடிட்டும் (ஒரு பாடம் பொதுவாக 3 கிரெடிட்) இருந்தால் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பகுதிநேர வேலை அது, மருத்துவக் காப்பீடு வராது. ஆகவே 27 வயதில், நிலையான சம்பளத்தோடு என்றால் பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். கீழே சொல்வதெல்லாம் பென்சில்வேனியா அரசுப் பள்ளிகளுக்கு. உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ், அயோவா பக்கம் போகிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவருக்கு வேண்டிய உரிமத்தின், அதாவது ஆசிரியர் சான்றிதழின் பெயர் சமூக அறிவியல் 7–12, அதாவது ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பெயரே சொல்கிறது, வரலாறு அதில் ஒரு பகுதிதான். குடிமையியல், பொருளாதாரம், புவியியல், கொஞ்சம் உளவியல், சமூகவியல் எல்லாம் சேர்ந்தது. இந்தச் சான்றிதழுக்கு நெடுநாள் இருந்துவந்த பிராக்சிஸ் 5081 என்ற பாடத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க வரலாறு 20 சதவீதம், உலக வரலாறு 20, அரசாங்கம் 20, புவியியல் 15, பொருளாதாரம் 15, நடத்தை அறிவியல் 10. வரலாற்றுப் பட்டதாரி தன் பலத்தை நம்பி உள்ளே போவது 40 சதவீதத்துக்குத்தான். தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பொருளாதாரம். அரசு ஒரு பொருளுக்கு உச்சவிலை வைத்தால் தட்டுப்பாடு ஏன் வருகிறது, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றினால் எது எந்தப் பக்கம் நகரும் போன்ற கேள்விகள். உள்நாட்டுப் போரைப் பற்றி இன்னும் இரண்டு புத்தகம் படிப்பதைவிட, பள்ளி அளவிலான பொருளாதாரப் பாடநூல் ஒன்றை ஆறு வாரம் உட்கார்ந்து முடிப்பது அதிக மதிப்பெண் தரும். தேர்வின் எண்ணும் அமைப்பும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் மாநிலக் கல்வித் துறையின் பக்கத்தில் எந்த எண் என்று பார்த்துவிட வேண்டும்.

தேர்வுக்கு முன்னால் மார்க் பட்டியல். சராசரி, 4.0க்கு 3.0 இருக்க வேண்டும். அதோடு கல்லூரி அளவிலான கணிதம் 6 கிரெடிட், ஆங்கிலம் 6 கிரெடிட் (கட்டுரை எழுதுதல் ஒன்று, இலக்கியம் ஒன்று). வரலாற்று மாணவர்கள் பலர் ஒரே ஒரு கணிதப் பாடத்தோடு பட்டம் வாங்கியிருப்பார்கள். அந்த இன்னொரு 3 கிரெடிட் இல்லை என்பது விண்ணப்பம் போடும் நாளில்தான் தெரியவரும். மல்யுத்த வீரராக இருந்தவரின் பட்டியலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சீசன் உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் மாட்டிக்கொண்ட வசந்தகால செமஸ்டர் மதிப்பெண்கள். 3.0க்குக் கீழே இருந்தால் கதவு மூடிவிடாது, ஆனால் எத்தனை கிரெடிட் கூடுதலாக எடுத்து ஏற்றலாம் என்று ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் ஆலோசகரோடு முன்கூட்டியே பேச வேண்டும். சமுதாயக் கல்லூரியில் கோடைக்கால வகுப்பாகக் கணிதத்தை முடிப்பது மலிவு. இவை தவிர, திட்டத்துக்குள்ளேயே சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றி 9 கிரெடிட் அல்லது 270 மணி நேரமும், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் பற்றி 3 கிரெடிட் அல்லது 90 மணி நேரமும் கட்டாயம்.

ஏற்கெனவே பட்டம் இருப்பவருக்கு வழக்கமான வழி, பட்டத்துக்குப் பிந்தைய சான்றிதழ்த் திட்டம். ஏறக்குறைய 30 கிரெடிட், கடைசியில் ஸ்டூடண்ட் டீச்சிங் (பள்ளியில் நேரடிக் கற்பித்தல் பயிற்சி). முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம். இன்னொரு வழி இன்டர்ன் சான்றிதழ். பாடத் தேர்வில் தேறி, அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் சேர்ந்துவிட்டால், சம்பளத்தோடு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடத்துக்குள் பாடங்களை முடிக்கலாம். காகிதத்தில் இது மிகவும் கவர்ச்சியானது. ஆனால் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) நம்மை எடுத்தால்தான் இது நடக்கும். கணிதத்துக்கும் சிறப்புக் கல்விக்கும் ஆள் கிடைக்காமல் தவிக்கிற மாவட்டம் இன்டர்னை எடுக்கும். சமூக அறிவியலுக்கு முழுச் சான்றிதழோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது எதற்கு எடுக்க வேண்டும்? அதனால் இதை நம்பி வேலையை விடச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி பெரும்பாலான கோச்சுகளுக்குக் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. முதுகலைப் படிப்புகள் உள்ள கல்லூரிகளில் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' கோச் என்று ஒரு பதவி உண்டு. கோச்சிங் செய்வதற்குப் பதிலாகக் கட்டணத்தை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்து, கைச்செலவுக்கு ஒரு தொகையும் கொடுப்பார்கள். அங்கே ஆசிரியர் சான்றிதழோடு சேர்ந்த எம்.எட். இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பலர் கிடைத்ததே போதும் என்று விளையாட்டு மேலாண்மையில் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து முதுகலைப் பட்டம் கையில் இருக்கும், உரிமம் இருக்காது. உங்கள் அக்கா மகனின் நான்கு வருட அனுபவம் பணமாக மாறக்கூடிய இடம் இதுதான். நான் முதலில் தேடச் சொல்வதும் இதைத்தான்.

ஸ்டூடண்ட் டீச்சிங்கில்தான் கோச்சுகளின் திட்டம் உடைகிறது. குறைந்தது 12 வாரம், முழுநாள், சம்பளம் இல்லை. காலை ஏழே காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மூன்று மணி வரை அங்கேதான், மாலையில் மறுநாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். கல்லூரி மல்யுத்த சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் தேசியப் போட்டியோடு முடிகிறது. வசந்தகால செமஸ்டரில் ஸ்டூடண்ட் டீச்சிங் போட்டால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரண்டும் நேருக்கு நேர் மோதும். சனிக்கிழமைப் போட்டிக்கு வெள்ளிக்கிழமை மதியமே பஸ் கிளம்பும். வகுப்பை விட்டுப் போக முடியாது. இலையுதிர்கால செமஸ்டர் என்றால் ஆகஸ்ட் கடைசி முதல் டிசம்பர் வரை, மோதல் சீசனின் முன்பகுதியோடு மட்டும்தான். இரண்டில் இதுவே தேவலாம். அந்த ஒரு சீசனுக்குக் கோச்சிங்கை விட்டுவிடுவது இன்னும் தேவலாம். சம்பளமில்லாத அந்த மாதங்களுக்காகப் பென்சில்வேனியா 2023இல் சட்டம் போட்டு, ஸ்டூடண்ட் டீச்சர்களுக்கு 10,000 டாலர் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விண்ணப்பங்கள் ஒதுக்கிய பணத்தை மிஞ்சிவிட்டன, ஆகவே கிடைக்கும் என்று எண்ணி வாடகையைத் திட்டமிடக் கூடாது. விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே போட வேண்டும்.

கல்லூரிக் கோச் என்பதால் அவருக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலும் உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த எந்த மாணவரும் நாளைக்குக் கல்லூரி அணியில் சேரக்கூடியவர் என்று கணக்கு. கல்லூரிச் சம்பளப் பட்டியலில் இருக்கும் கோச் ஒருவர் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் நின்று பாடம் எடுத்தால், அந்த வகுப்பில் மல்யுத்தம் ஆடுகிற பையன் இருந்தால், யார் எப்போது என்ன பேசினார் என்பதெல்லாம் கேள்வியாகும். தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் சேரும் முன்பே கல்லூரியின் விதிக் கண்காணிப்பு அலுவலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஏழாம், எட்டாம் வகுப்பில் இடம் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. சான்றிதழும் 7 முதல்தான் தொடங்குகிறது.

பின்னணிச் சோதனைகளை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாநிலக் காவல்துறைச் சான்று, குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டுச் சான்று, எஃப்.பி.ஐ. கைரேகை என மூன்றும் பணியில் சேரும்போது ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தேசிய மல்யுத்த அமைப்பான யூஎஸ்ஏ ரெஸ்லிங்கின் உறுப்பினராக எடுத்த சோதனையும், விளையாட்டில் வன்கொடுமையைத் தடுக்கும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியும் இதற்கு ஈடாகாது. எல்லாவற்றையும்விட இழுத்தடிப்பது 2014ஆம் ஆண்டின் 168ஆம் சட்டப்படியான படிவம்: குழந்தைகளோடு நேரடித் தொடர்புள்ள வேலை கொடுத்த முந்தைய முதலாளிகள் ஒவ்வொருவரும், இவர் மேல் பாலியல் புகார் எதுவும் இருந்ததா என்று நிரப்பித் தர வேண்டும். கோடைக்கால மல்யுத்த முகாம், சின்னப் பிள்ளைகள் கிளப் எல்லாம் இதில் அடக்கம். ஒரு கோச்சுக்கு அப்படி ஏழெட்டு இடம் இருக்கும், அதில் இரண்டு கிளப் மூடியே போயிருக்கும். முகவரிகளை இப்போதே திரட்டி வைக்கட்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வந்தால் டெனிஸ் ஹாஸ்டர்ட்டை நினைத்துக்கொள்ளலாம். இலினாய் மாநிலம் யார்க்வில் பள்ளியில் 1965 முதல் 1981 வரை வரலாற்று ஆசிரியர், மல்யுத்தக் கோச். பின்னாளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். அந்தப் பள்ளிக் காலத்தில் மாணவர்களைப் பாலியல் ரீதியாகச் சீரழித்ததை மறைக்கக் கொடுத்த பணத்தை, கணக்குக் காட்டாமலிருக்கச் சிறு சிறு தொகையாக வங்கியிலிருந்து எடுத்த குற்றத்துக்கு 2016இல் 15 மாதச் சிறை. மூலக் குற்றத்துக்கான வழக்குக் காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

வேலைச் சந்தைக்கு வருவோம். அமெரிக்காவில் பழைய கேலி ஒன்று உண்டு: பள்ளி வரலாற்று ஆசிரியருக்கு முதல் பெயர் 'கோச்'. டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் கோச் என்பவர் பொதுவாக மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்று விதியே இருப்பதால், அவர்களுக்கு ஏதாவது ஒரு பாடம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் வரலாறாகப் போய்விடுகிறது. இந்தக் கேலி இரண்டு பக்கமும் வெட்டும். மல்யுத்தக் கோச் தேவைப்படும் மாவட்டத்தில், ஒரே மாதிரியான நூறு விண்ணப்பங்களில் இவருடையது மேலே வரும். பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கு மாதிரி மல்யுத்தம் ஊறிப்போன பகுதியில் இது நன்றாகவே வேலை செய்யும். அதே நேரம், நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கும் சமூக அறிவியல் துறைத் தலைவர், 'இன்னொரு கோச்சா, படம் போட்டுக் காட்டிவிட்டு ஆட்ட அட்டவணை எழுதுவான்' என்று மனதுக்குள் நினைத்திருப்பார். அதை உடைக்க ஒரே வழி, தானே தயாரித்த பாடங்கள் மூன்றைக் கையில் கொண்டுபோவது. கேட்பதற்கு முன்னால் மல்யுத்தத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் நல்லது. தலைமையாசிரியரே கேட்பார்.

சம்பளம்: நாடு தழுவிய சராசரித் தொடக்கச் சம்பளம் 2023–24இல் சுமார் 46,500 டாலர். டிவிஷன் 3 உதவிக் கோச்சுகள் பலருக்கு இது ஏற்றமாகவே இருக்கும். ஆசிரியர் சம்பளம் ஒரு கட்டம் போட்ட அட்டவணை, கீழ்நோக்கி வருடங்கள், பக்கவாட்டில் கிரெடிட்கள். கல்லூரிக் கோச்சிங் வருடங்களை அந்த அட்டவணையில் ஏற்றுவார்களா? வழக்கமாக இல்லை, ஆனால் சில மாவட்டங்கள் அட்டவணையில் ஓரிரு வருடம் ஏற்றித் தருவதுண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்டால்தான் உண்டு, பிறகு கிடைக்காது. பள்ளிக் கோச்சிங்குக்குத் தனி ஒப்பந்தம், சீசனுக்குச் சில ஆயிரம் டாலர். அதை மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது. அந்த ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது. ஆசிரியர் பணியில் மூன்று வருடம் கழித்துப் பணிப் பாதுகாப்பு வரும், கோச் பதவிக்கு அது வரவே வராது. முதுகலைப் பட்டத்தோடு வந்தால் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று மாவட்டங்கள் தயங்கும் என்ற பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதை நம்பி இலவசமாகக் கிடைக்கும் எம்.எட்.டை விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

இனி வகுப்பறை. மல்யுத்த அறையில் இருக்கும் முப்பது பேரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள். இரண்டாம் பீரியடில் இருக்கும் இருபத்தெட்டு பேரில் வரலாற்றை விரும்பி வந்தவர் நாலு பேர் இருந்தால் அதிகம். கோச் ஒரு பிடியைச் செய்து காட்டி, ஜோடி ஜோடியாகச் செய்யவிட்டு, தப்பைக் கண்ட நொடியில் கையைப் பிடித்துத் திருத்துவார். நொடிக்குள் திருத்தும் இந்தப் பழக்கம் வகுப்பில் எதிரி. 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். விசில் ஊதிப் பழகியவருக்கு மூன்று நொடி மௌனம் மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனதுக்குள் எண்ணப் பழக வேண்டும்.

கோச்சிடமிருந்து வகுப்புக்கு நன்றாகக் கடக்கிற திறமையும் உண்டு, ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண். எந்தக் கோணத்திலிருந்து எடுத்தது, எது தெரியவில்லை, நடுவர் என்ன பார்த்திருப்பார் என்று கேட்பது. வரலாற்றுச் சான்றை வாசிப்பதும் இதுதான். ஒரு பாடமாகவே சொல்கிறேன். 1831இல் இலினாயின் நியூ சேலம் என்ற சிற்றூரில் ஆபிரகாம் லிங்கன், உள்ளூர் மல்லன் ஜாக் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு மல்லுக்கு நின்றார். மல்யுத்தம் நடந்தது என்பது உறுதி. யார் ஜெயித்தது என்பது உறுதியில்லை. 1865இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, அவரோடு வக்கீல் தொழில் செய்த வில்லியம் ஹெர்ண்டன் ஊர்க்காரர்களிடம் நினைவுகளைச் சேகரித்தார். லிங்கன் ஜெயித்தார் என்றும், சமநிலை என்றும், ஆர்ம்ஸ்ட்ராங் விதியை மீறினார் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். 45 நிமிட வகுப்பில், முதல் 5 நிமிடம் கேள்வியைப் பலகையில் எழுதலாம்: 'யார் ஜெயித்தார்?' அடுத்த 20 நிமிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாட்சியங்கள், ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் சொன்னது, நடந்து எத்தனை வருடம் கழித்து, சொன்னவர் யார் பக்கம் என்று ஓரத்தில் எழுதவைக்க வேண்டும். 34 வருட இடைவெளி என்பதைப் பிள்ளைகளே கழித்துக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த 12 நிமிடம் வாதம், மிச்சம் ஒரு பத்தி எழுதுவது. இங்கே கோச் செய்யக்கூடிய தப்பு, பிடிகளை விளக்கத் தொடங்கி 25 நிமிடம் தானே பேசிவிடுவது. கதை சொல்லும் திறமை உள்ளவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். லிங்கன் 300 போட்டியில் ஒன்றில்தான் தோற்றார் என்று இணையத்தில் சுற்றும் வரியைப் பாடத்தில் சேர்க்க வேண்டாம். 1832இல் தாம்சன் என்பவரிடம் தோற்றதற்குச் சாட்சியம் இருக்கிறது, 300க்கு அப்படி ஒரு பதிவும் இல்லை.

கடைசியாக, இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்பது. செய்யலாம், ஆனால் முதல் இரண்டு வருடம் தலைமைக் கோச் பதவியை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கணக்குப் போடுங்கள்: ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 25 பேர், 125 கட்டுரை. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் பத்து மணி நேரத்துக்கு மேல். பயிற்சி முடிந்து வீடு சேர ஆறு மணி, சனிக்கிழமை விடியற்காலை பஸ். தலைமைக் கோச் என்றால் எடைக் கட்டுப்பாட்டுப் பதிவு, பெற்றோர் தொலைபேசி, நடுவர் ஏற்பாடு எல்லாம் தலையில். உதவிக் கோச் என்றால் பயிற்சி முடிந்ததும் கிளம்பலாம். நீண்ட கட்டுரைகளை அக்டோபரிலும் ஏப்ரலிலும் வைத்துக்கொண்டு, பிப்ரவரி முழுக்க ஒரு பத்தி விடைகளோடு ஓட்டுவது எல்லாக் கோச்-ஆசிரியர்களும் கடைசியில் வந்து சேரும் ஏற்பாடு. மாநிலப் பள்ளிப் போட்டி மார்ச் தொடக்கத்தில் ஹெர்ஷியில் முடியும், அதுவரை இப்படித்தான்.

வேலையை விடும் முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்க வழி இருக்கிறது. கல்லூரி சீசன் மார்ச்சில் முடிகிறது, பள்ளிகள் ஜூன் வரை நடக்கின்றன. பட்டம் உள்ளவருக்கு மாவட்டம் கேட்டுக்கொண்டால் மாநிலம் மாற்று ஆசிரியர் அனுமதி தரும். ஏப்ரல், மே இரண்டு மாதம், வாரத்தில் இரண்டு நாள், நடுநிலைப் பள்ளியில் போய் நிற்கட்டும். எட்டாம் வகுப்புக்கு மதிய உணவுக்குப் பிந்தைய பீரியட் எடுத்துவிட்டு வந்த பிறகும் இதே ஆசை இருக்கிறதா என்று அவரே சொல்வார். அதற்கு முன் இந்த வாரமே மார்க் பட்டியலை எடுத்து அந்த இரண்டாவது கணிதப் பாடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.